இருபத்து மூன்று பேருக்குப் பன்னிரண்டு உடம்பு

பாயின் விளிம்பு மூக்கை உரசிக்கொண்டேயிருந்தது. பானாபா தும்மலை அடக்கினான். தும்மினால் பாய் நழுவும், நழுவினால் வந்த காரியம் கெட்டுவிடும் என்று வழியெல்லாம் மாமனார் சொல்லிக்கொண்டே வந்திருந்தார்.

வானம் வெளுக்கும்போது வந்து மண்டியிட்டார்கள். தூயிமானுவின் வீட்டுக்கு எதிரே, சரளைக்கல் பரப்பிய முற்றத்தில். மாமனார் லெயீவா, பக்கத்தில் பானாபா, இருவர் தலைக்கும் மேலாக ஒரே தாழைநார்ப் பாய். மாமியாரின் தாய்வீட்டிலிருந்து வந்த பாய் அது. பட்டுப்போல மடியும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர வெளியே எடுக்கமாட்டார்கள். பின்னால் பானாபாவின் மனைவி லோசாவும் மற்ற உறவினரும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாக ஒரு கட்டு விறகு, அடுப்புக் கற்கள், சுற்றிவைக்க இலை. எங்களைச் சுட்டுத் தின்பதானாலும் தின்றுகொள்ளுங்கள் என்று அதற்குப் பொருள். இந்தக் காலத்தில் யாரும் தின்பதில்லை. ஆனால் விறகு இல்லாமல் யாரும் இஃபோங்கா என்னும் இந்த மன்னிப்புச் சடங்குக்குப் போவதுமில்லை.

தூயிமானு ஊரின் தலைமைப் பட்டக்காரர். அவர் இறங்கி வந்து பாயைத் தூக்கினால் மன்னித்தார் என்று பொருள். தூக்காவிட்டால் திங்கட்கிழமை ஊர்க்கூட்டம் கூடும். கூடினால் என்ன முடிவாகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. லெயீவாவின் குடும்பம் பன்றி, கோழி, சட்டி, பானையோடு லோத்தோவாய் ஊரை விட்டு வெளியேற வேண்டும்.

கொலைக்கும் அடிதடிக்கும் செய்கிற சடங்கு இது. கைபேசிச் செயலி ஒன்றுக்காகச் செய்தவர்கள் உபோலு தீவில் அதற்குமுன் யாருமில்லை.

"தும்மாத மாப்பிள."

"இல்ல மாமா."

"முட்டி வலிக்குதா?"

"வலிக்குது மாமா."

"எனக்கு வலிக்கல. எனக்கு அறுபத்தெட்டு" என்றார் லெயீவா.

பானாபா அந்த ஊர்க்காரன் இல்லை. சவாயீ தீவில் பிறந்தான். தலைநகர் ஆப்பியாவில் பள்ளி முடித்து ஆக்லாந்துக்கு வடிவமைப்புப் படிக்கப் போனான். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று பாதியில் திரும்பினான். படிப்பும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அவன் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பிறகு தொலைக்காட்சியில் வேலை கிடைத்தது. வானிலை அறிக்கைக்கு மேகங்களை நகர்த்தும் வேலை. படம், ஒலி, அசைவு, நிரல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துச் செய்து முடிக்கிற மென்பொருள் ஒன்று அங்கே இருந்தது. அதில் மேகம் செய்தான். சோப்பு விளம்பரத்துக்கு நுரை செய்தான். தேர்தலின்போது ஏறி இறங்கும் பட்டைகள் செய்தான். புயல் வந்த வருஷம் மேகங்களை வேகமாக நகர்த்தச் சொன்னார்கள், நகர்த்தினான்.

அதே மென்பொருளில் கைபேசிச் செயலியும் செய்யலாம் என்று வந்தபோது, ஆப்பியாவில் துணிக்கடை ஒன்றின் மாடியில் இருந்த சிறிய நிறுவனம் அவனை எடுத்துக்கொண்டது. உலகத்தில் பலபேர் அந்த மென்பொருளைக் கைவிடத் தொடங்கியிருந்த நேரம். பானாபாவுக்கு வேறு எதுவும் தெரியாது. தெரிந்ததை நன்றாகத் தெரியும்.

லோசா கீழே துணிக்கடையில் வேலை பார்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவன் லோத்தோவாய்க்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தான். வீட்டோடு மாப்பிள்ளைக்குப் பட்டம் இல்லை, ஊர்க்கூட்டத்தில் பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு எழுந்து கல்லடுப்பு மூட்ட வேண்டும், தேங்காய் துருவிப் பிழிய வேண்டும், பெரியவர்கள் தின்று முடித்தபின் மிச்சத்தைத் தின்ன வேண்டும். அவன் எல்லாவற்றையும் குறையில்லாமல் செய்தான். கம்ப்யூட்டரில் அடுப்பு மூட்ட முடியாதா என்று மச்சான்கள் வாராவாரம் கேட்பார்கள். முடியாது என்று அவனும் வாராவாரம் சொல்வான்.

ஊரில் புதிதாகக் கூட்டவீடு கட்டினார்கள். சுற்றிலும் தூண்கள், சுவர் கிடையாது. எந்தத் தூணில் எந்தப் பட்டக்காரர் சாய்ந்து உட்காருவது என்பது தலைமுறை தலைமுறையாகத் தீர்மானமான விஷயம். மாறி உட்கார்ந்தால் ரத்தம் சிந்தும். ஆக்லாந்திலும் சிட்னியிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது எதுவும் தெரியவில்லை என்று பெரியவர்களுக்கு வருத்தம். திறப்பு விழாவுக்கு வெளிநாட்டிலிருந்து பஸ் பஸ்ஸாக உறவினர் வருவார்கள். அவர்களுக்காக ஒரு செயலி வேண்டும் என்று முடிவாயிற்று. தூணைத் தொட்டால் அங்கே உட்காரும் பட்டக்காரர் தோன்ற வேண்டும். அவருக்குரிய வாழ்த்துரை ஒலிக்க வேண்டும். வீட்டோடு மாப்பிள்ளை இருக்க வெளியாள் எதற்கு என்றார்கள்.

பானாபா ஆறு வாரம் வேலை செய்தான். செயலியைத் திறந்ததும் சங்கு ஊதும். சடங்குப் பானமான ஆவாவைப் பரிமாறும் இளைஞன் வெற்று மார்போடு, இடுப்பிலிருந்து முழங்கால்வரை பச்சை குத்திக்கொண்டு, கோப்பையை ஏந்தி நடந்து வந்து வணங்கிவிட்டுப் போவான். அதன்பின் தூண்கள். இருபத்து மூன்று பட்டக்காரர்கள், லெயீவாவும் அதில் ஒருவர். தூயிமானுவுக்குத் திமிங்கிலப் பல் மாலை. ஊரின் சார்பில் பேசுகிற மோத்துசாங்காவுக்குக் கோலும் ஈயோட்டியும். வாழ்த்துரைகளைச் சொன்ன குரலும் மோத்துசாங்காவினுடையதுதான். பதிவு செய்ய வந்தவர் தன்னுடையதை மட்டும் நான்கு முறை சொல்லிப் பார்த்தார்.

பானாபாவின் கைபேசியில் எல்லாம் மீன்போல ஓடியது. ஊர்க்காரர்களின் கைபேசிகள் பழையவை, நினைவிடம் குறைந்தவை, கண்ணாடி விரிசல் விட்டவை. அவற்றில் ஐந்தாவது தூணில் செயலி செத்தது. ஒவ்வோர் உருவத்தையும் கணத்துக்குக் கணம் கோடுகோடாகத் திரும்ப வரைந்துகொண்டிருந்தது காரணம். கோடுகளை ஒரேயடியாகப் படமாக்கிவைத்தான். ஒன்பதாவது தூண்வரை வந்தது. அசைவின் வேகத்தைக் குறைத்தான். பதினொன்று. அதற்குமேல் நகரவில்லை. இருபத்து மூன்று உடம்புகளைத் தாங்க அந்தக் கைபேசிகளுக்குத் தெம்பு இல்லை.

அதனால் பன்னிரண்டு உடம்பு மட்டும் வைத்தான். மாதா கோயில் நாடகத்தில் ஏரோது ராஜாவாக வந்தவன் தட்டிக்குப் பின்னால் போய்த் துணி மாற்றி மேய்ப்பனாக வருவதில்லையா, அதுபோல. திரையை விட்டுப் போன உடம்பு வரிசையின் கடைசியில் போய் நிற்கும். அதன் முறை வரும்போது புதுத் துணி உடுத்திக்கொண்டு வேறொருவராக வந்து உட்காரும். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற வேலைதான்.

ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. வரிசைக்குத் திரும்பிய உடம்பின் பழைய துணியை அவிழ்த்துவைக்க அவன் எழுதவில்லை. புதுத் துணி வந்தால் பழையது தானாகப் போய்விடும் என்று விட்டுவிட்டான். நல்ல கைபேசியில் போய்விடும். பழைய கைபேசியில் பெயரும் குரலும் உடனே வந்து, துணி வர மூன்று மூச்சு நேரமாகும். அதுவரை பழைய ஆளின் துணியோடே புதிய ஆள் உட்கார்ந்திருப்பார். கோப்பை ஏந்தி வந்தவனின் உடம்புதான் முதலில் வரிசைக்குப் போவது. அது திரும்பி வருவது பன்னிரண்டாவதாகத் தொடப்படும் தூணில்.

பழைய கைபேசிகள் நான்கை வாங்கிவைத்து, இருபத்து மூன்று தூண்களையும் நாள்தவறாமல் தொட்டுப் பார்த்தவன்தான் பானாபா. ஒவ்வொரு முறையும் தூயிமானுவைத்தான் முதலில் தொட்டான். அடுத்து மோத்துசாங்கா. அப்படியே பட்ட வரிசையில் கடைசிவரை. பன்னிரண்டாமவரோடு கைபேசி சூடேறிவிடும் என்று மூடி ஆறவிட்டு, மறுபடி திறந்து, புதிதாக நிற்கும் உடம்புகளில் மிச்சப் பதினொருவரைத் தொட்டான். தூயிமானு இருக்கும்போது இன்னொருவரை முதலில் தொட அவன் விரல் போகவில்லை. அலுவலகத்தில் சரிபார்த்த மற்ற இருவரும் அப்படியே செய்தார்கள். அவர்கள் வேறு ஊர்க்காரர்கள், ஆனாலும் வளர்ப்பு அப்படி. வரிசையில் பன்னிரண்டாமவர் போன வருஷம்தான் பட்டம் ஏற்ற இளைஞர். அவரையும் வெற்று மார்பும் பச்சையும் கையில் கோப்பையுமாகத்தான் வரைந்திருந்தான். அந்த இடத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

விழா புதன்கிழமை. பந்தி முடிந்து எல்லோரும் கூட்டவீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். தூயிமானுவின் கைபேசியிலேயே காட்டுவது மரியாதை என்று அதை எடுத்து, மாதா கோயில் ஒலிபெருக்கியோடு இணைத்தார்கள். ஊரிலேயே பழைய கைபேசி அது. ஆக்லாந்திலிருந்து வந்திருந்த அவருடைய தங்கை மகள் தெரீசாவிடம் கொடுத்தார்கள். அவள் அங்கே நர்ஸ், சூயிங்கம் மென்றுகொண்டிருந்தாள். பின்வரிசைத் தூணிலிருந்து மனம்போனபடி பதினொன்றைத் தொட்டுவிட்டு, பன்னிரண்டாவதாக எங்க மாமா எங்கே என்று கேட்டு அவர் தூணைத் தொட்டாள். மோத்துசாங்காவின் குரல் ஒலிபெருக்கியில் தூயிமானுவின் வம்சத்தை வாழ்த்தியது. திரையில் வெற்று மார்போடு கோப்பை ஏந்திய பரிமாறுகிறவன் உட்கார்ந்திருந்தான். கீழே தூயிமானு என்று பெயர்.

தோளுக்குமேல் எட்டிப் பார்த்த மோத்துசாங்கா, "ஓ, ஐயாவே பரிமாற வந்துட்டாரா" என்றார்.

யாரோ கைபேசியைப் பிடுங்கிக் கவிழ்த்தார்கள். அடுத்த மூச்சில் துணி சரியாகியிருக்கும். அதைப் பார்க்க யாரும் இல்லை.

வேறு ஊராக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இங்கே முடியாது. முப்பது வருஷத்துக்குமுன் தூயிமானு பட்டத்துக்கு லெயீவாவின் குடும்பமும் உரிமை கோரி வழக்காடியது. தோற்றது. அப்போது லெயீவாவின் சித்தப்பா, தூயிமானுவின் பாட்டன் இந்த ஊருக்குக் கோப்பை தூக்க வந்தவன் என்று நீதிமன்றத்தில் எழுந்து சொன்னார். அதற்குப்பின் இரண்டு குடும்பத்துக்கும் நடுவே கொடுக்கல் வாங்கல் மாதா கோயில் வாசலில் தலையாட்டுவதோடு சரி. இப்போது லெயீவாவின் மருமகன் அதையே படமாக வரைந்து ஒலிபெருக்கியில் போட்டுவிட்டான் என்று ஊர் சொன்னது. நினைவிடம் பற்றாக்குறை என்று பானாபா இரண்டு பேரிடம் விளக்கினான். இரண்டு பேரும் அதை, மறதிக்காரன் என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்கிறான் என்று ஊர் முழுக்கச் சொன்னார்கள்.

வெயில் ஏறியது. பாய்க்குள் வியர்வை வழிந்தது. சாலையில் ஆப்பியா பஸ் வந்து, அவர்களைப் பார்த்ததும் பாட்டை நிறுத்திவிட்டு மெதுவாகக் கடந்துபோய், மறுபடி பாட்டைப் போட்டது.

"இப்பவாவது உண்மையச் சொல்லு. வேணும்னே செஞ்சியா?" லெயீவா குசுகுசுத்தார்.

"இல்ல மாமா."

"எங்க சித்தப்பா கோர்ட்ல சொன்னது தெரியுமா உனக்கு?"

"லோசா சொல்லியிருக்கா."

"தெரிஞ்சும் செஞ்சிருக்க."

"உடம்பு பத்தல மாமா. பன்னெண்டுதான் இருந்துச்சு."

"இன்னும் பதினொண்ணு வைக்கிறது."

"வச்சா போன் செத்துடும்."

லெயீவா யோசித்தார். "செத்தா ஒரு போன்தான சாகும்" என்றார்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து சங்கு ஊதியது. வீட்டின் ஓலைத் தட்டிகள் இறக்கியே இருந்தன. சங்கு நிஜச் சங்கு இல்லை, பானாபா பதிவு செய்த சங்கு. தூயிமானு செயலியைத் திறந்துவிட்டார்.

முதலில் தூயிமானுவின் வாழ்த்துரை. சரி. யாருடைய துணியும் படாத உடம்பு, பல் மாலையோடு சரியாகத்தான் தெரியும். அதையே மறுபடி கேட்டார். மறுபடியும். உட்கார்ந்திருப்பவரையே தொட்டால் உடம்பு மாறாது. அப்படியே மூடி வைத்துவிட்டால் போதும் என்று பானாபா வேண்டிக்கொண்டான்.

அவர் மூடவில்லை. அடுத்து ஒரு பெயர். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. ஊர்க்கூட்டத்தில் ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்ப்பதுபோல நிதானமாகத் தொட்டார். பட்ட வரிசையும் இல்லை, தூண் வரிசையும் இல்லை. யார்மேல் கோபம் என்ற வரிசையாக இருக்கலாம். பானாபா பாய்க்குள் விரல் மடக்கி எண்ணினான். ஆறு. ஏழு. எட்டாவதில் இருமல். பத்து. பதினொன்று.

பன்னிரண்டாவதாக, கோப்பை ஏந்தியவனின் உடம்பு வரும் முறையில், மோத்துசாங்காவின் வாழ்த்துரை எழுந்தது, அவருடைய சொந்தக் குரலில், நான்கு முறை சொல்லிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அந்தக் குரலில்.

வாழ்த்துரை முடிந்தபிறகு தூயிமானுவின் மனைவி என்ன, என்ன என்று கேட்பதும், அவர் ஒன்றுமில்லை என்று சொல்வதும், அவர் மூச்சு விட்டுவிட்டு வருவதும் கேட்டது. சிரிக்கிறாரா, நெஞ்சு அடைக்கிறதா என்று பானாபாவால் தீர்மானிக்க முடியவில்லை.

இதோடு போதும் என்று நினைத்தான். இனி ஒன்று தொட்டால் விபரீதம். பதின்மூன்றாவதாக வரப்போவது தூயிமானு உட்கார்ந்திருந்த உடம்பு. யார் வந்தாலும் மூன்று மூச்சு நேரத்துக்குத் தூயிமானுவின் பல் மாலையோடு வந்து உட்காருவார்.

பதின்மூன்றாவது வாழ்த்துரை தொடங்கியது.

"என் பேரு" என்றார் லெயீவா. குரலில் ஒரு பூரிப்பு இருந்தது. பாய்க்குள் முதுகை நிமிர்த்திக்கொண்டார். "கேட்டியா, என் பேரு."

"கேட்டேன் மாமா."

"நல்லா சொல்லியிருக்கான்."

"ஆமா மாமா."

பட்டத்துக்கு வழக்காடித் தோற்ற குடும்பத்துக்காரர், பட்டத்தின் மாலையைப் போட்டுக்கொண்டு, தூயிமானுவின் கைபேசியிலேயே, அவர் கண்ணெதிரே உட்கார்ந்திருப்பார். பானாபா கண்ணை மூடிக்கொண்டான். பாய்க்குள் அதற்கு அவசியம் இருக்கவில்லை. எந்தப் பஸ்ஸில் எந்தச் சாமான் ஏறும் என்று யோசித்தான். பன்றிகளை ஏற்றமாட்டார்கள். லாரி பேச வேண்டும்.

பின்னால் லோசாவின் சித்தி வாய்க்குள்ளேயே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். தட்டி ஒன்றை யாரோ மேலே இழுத்துக் கட்டினார்கள். படியில் காலடி. சரளைக்கல் நெரிபட்டு நெருங்கி வந்து நின்றது. முதலில் கொஞ்சம் வெளிச்சம், பிறகு மொத்த வெளிச்சமும். பாயைத் தூயிமானு இரண்டு கையாலும் தூக்கி, மடித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

பின்னால் பெண்கள் அழுதார்கள். லெயீவாவும் அழுதார். பானாபா தும்மினான்.

தூயிமானு உயரமில்லாத மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். கையில் அந்தக் கைபேசி இருந்தது. பானாபாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"கொஞ்சம் பொறுத்தா அவங்கவங்க துணிக்கு வந்துடுறாங்க. பொறுத்துப் பாத்தேன். அன்னிக்கு ஒருத்தனும் பொறுக்கல."

"ஆமாங்கய்யா."

"மோத்துசாங்காவையும் பாத்தேன். நல்லாவே பாத்தேன்." முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மாமனார் பக்கம் திரும்பினார். "லெயீவா, என் பல் மாலையக் கொஞ்ச நேரம் போட்டுப் பாத்துட்ட. போதுமில்ல?"

லெயீவாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மன்னித்தவர் கேட்கிறார், மறுத்துப் பேசக்கூடாது என்பது மட்டும் தெரியும்.

"போதுங்க" என்றார்.

"அப்ப சரி. உள்ள வாங்க, சாப்பிடலாம்."

சாப்பிட்டார்கள். பேச்சுகள் நடந்தன. விறகையும் கற்களையும் தூயிமானு வீட்டிலேயே விட்டுவர வேண்டும் என்று ஒரு தரப்பும், திரும்ப எடுத்துப் போகலாம் என்று ஒரு தரப்பும் பேசி, விட்டுவிட்டு வந்தார்கள். திரும்பும் வழியில் லெயீவா மருமகனிடம், அது என்ன மாலை என்று கேட்டார். தெரியவில்லை மாமா என்றான் பானாபா. வயசாகிவிட்டது அந்த ஆளுக்கு என்றார் லெயீவா.

மறுநாள் சனிக்கிழமை. பானாபா காலைப் பஸ்ஸில் ஆப்பியா போனான். மழை. அலுவலகத்தில் அவனைத் தவிர யாரும் இல்லை. வரிசைக்குத் திரும்பும் உடம்பின் துணியை அவிழ்த்துவிட ஒரு வரி எழுதினான். புதுத் துணி வரும்வரை உடம்பு தெரியாமலிருக்க இன்னொரு வரி. சரிபார்க்கக் கீழே துணிக்கடைக்குப் போய் ஃபிஜியிலிருந்து வந்து வேலை பார்க்கும் பெண்ணை அழைத்துவந்தான். அவளுக்கு லோத்தோவாய்க்காரர் யாரையும் தெரியாது. கண்டபடி தொட்டாள். சரியாக இருந்தது. இவங்கெல்லாம் யாரு என்று கேட்டாள். ஊர்ப் பெரியவர்கள் என்றான். புதிய பதிப்பை ஏற்ற மத்தியானம்வரை ஆயிற்று, நடுவில் இரண்டு தடவை இணைப்பு அறுந்தது. பன்றிக்கறி வைத்த ரொட்டி ஒன்று வாங்கித் தின்றான். திரும்பும் பஸ்ஸில் கூட்டம். ஒரு தடித்த மனிதர் அவன் மடியில் உட்கார்ந்து வந்தார். வீட்டுக்கு வந்து, அடுத்த நாள் சமையலுக்குச் சேம்பங்கிழங்கைச் சுரண்டி வைத்துவிட்டுப் படுத்தான்.